தாசில்தார் குடித்த கிணற்றுத் தண்ணீர்

கல்யாணம் பேசும்போது என்னைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் சொல்லப்பட்டது, "பொண்ணு டாக்டருக்குப் படிக்கா" என்பது. தரகர் பொய் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் கல்யாணமான முதல் வாரத்திலேயே மாமியாரின் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்து, சேலையை முழங்கால் வரை ஏற்றி, "இங்கன பாரு தாயி. படி ஏறுனா மடக் மடக்குன்னு சத்தம் வருது" என்றார்.

நான் மனிதர்களுக்கு டாக்டர் இல்லை, கொசுவைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொன்னேன்.

"கொசுவுக்கு வைத்தியம் பாப்பியா?"

"இல்ல பெரியம்மா. கொல்லுததுக்கு."

அவர் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் அத்தை, அதாவது என் மாமியார், அரிசி புடைத்தபடியே கேட்டார். "அதுக்கு எதுக்குளா இத்தன வருசம் படிக்கணும்? ரெண்டு கையச் சேத்து அடிச்சா போதாதா?"

இது தொண்ணூறுகளின் நடுவில். எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில், ரதவீதியிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. என் கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை, சனிக்கிழமை தோறும் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நான், அத்தை, மாமா மூன்று பேர்தான். மாமா ஓய்வு பெற்ற தாசில்தார். ஓய்வு பெற்றது அலுவலகத்துக்குத் தெரியும், அவருக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் ஓரத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைப்பார். அத்தை சாம்பாரில் உப்புக் குறைவு என்று ஒப்புக்கொண்டால், "சரி, இனிமே கவனமா இருக்கணும்" என்று விசாரணையை முடித்துவைப்பார்.

என் ஆராய்ச்சி ஒரு பாக்டீரியாவைப் பற்றியது. மண்ணில் கிடக்கிற சாதாரண ஜந்து. அது தன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதக் கட்டியைச் செய்து வைத்திருக்கும். கொசுவின் புழு, தண்ணீரில் நெளிந்து ஆடும் கூத்தாடியைச் சொல்கிறேன், அதைத் தின்றுவிட்டால் வயிற்றுக்குள் அந்தக் கட்டி கரைந்து குடலை ஓட்டையாக்கிவிடும். ஒரு நாளில் புழு செத்துப்போகும். மீனுக்கு ஒன்றும் ஆகாது, தவளைக்கு ஒன்றும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது. பார்க்க சத்துமாவு மாதிரி பழுப்பாக இருக்கும் அந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டியதுதான்.

ஆய்வுக்கூடத்துத் தட்டுகளில் அது நன்றாக வேலை செய்தது. என் பேராசிரியர், "இனி நிஜக் கிணறுகளில் போட்டுப் பாரும்மா" என்றார். கிணற்றுக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு புறவாசலில் கிணறு உண்டு. குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டதால் யாரும் கிணற்று நீரைக் குடிப்பதில்லை. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவத்தான். மலேரியாக் கொசுவுக்கு அந்தக் கிணறுகள் பிறந்த வீடு. அந்த வருடம் பாதித் தெரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கி எழுந்திருந்தது.

முதலில் எங்கள் வீட்டுக் கிணற்றில் பொடியைப் போட்டுவிட்டு, அன்று சாப்பாட்டு நேரத்தில் இதை ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மாமா கையைக் கழுவிவிட்டு வந்து, "இத எங்கிட்ட விட்டுரு" என்றார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கிடைத்த முதல் திட்டம்.

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு எதிர்த்த பலசரக்குக் கடை வாசலில் போய் நின்றார். கடைக்கார அண்ணாச்சிதான் எங்கள் தெருவின் வானொலி நிலையம். அவரிடம் ஒன்றைச் சொன்னால் சாம்பார்ப்பொடி வாங்க வருகிறவர்கள் வழியாகத் தெருமுனை வரை போய்விடும்.

"நம்ம தெருக் கிணறுகள்ல நுண்ணுயிர் மூலமா கொசு ஒழிப்பு நடக்கப்போவுது. எல்லாரும் ஒத்துழைப்புத் தரணும்" என்றார் மாமா.

"நுண்ணுயிர்னா என்னது தாசில்தார் அண்ணாச்சி?"

"பாக்டீரியா."

"அப்படின்னா?"

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கிருமிதான் வே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வடக்கே எங்கோ பிளேக் வந்திருக்கிறது என்று பேப்பர்களெல்லாம் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, தாசில்தார் மருமகள் எல்லார் கிணற்றிலும் கிருமி கலக்கப் போகிறாள் என்று. நான் கல்லூரியிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது இரண்டு வீடுகளில் கிணற்றுக்குப் பலகை போட்டு மூடி, மேலே அம்மிக்கல்லை வைத்திருந்தார்கள்.

மறுநாள் நானே கடைக்குப் போனேன். கூடவே மாமாவும் வந்தார். நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எழுந்திரிக்காமல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"கூத்தாடியக் கொல்லும், மனுசனக் கொல்லாதுன்னு சொல்லுதிய. அந்தக் கிருமிக்கு ஆளு அடையாளம் தெரியுமாம்மா?"

"கிருமி நேரா கொல்லல அண்ணாச்சி. அது செஞ்சு வச்சிருக்க கட்டிதான் கொல்லுது. அது கரையணும்னா வயிறு சோப்புத் தண்ணி மாதிரி இருக்கணும். கூத்தாடிக்கு அப்படித்தான் இருக்கும். நம்ம வயிறு புளிப்பு. அதுல அது வேல செய்யாது."

அண்ணாச்சி யோசித்தார். பிறகு கல்லாப்பெட்டியைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் போட்டார்.

"எனக்கு வயித்துல புளிப்பு சாஸ்தின்னு டாக்டர் குடுத்திருக்காரு. அதக் கொறைக்கதுக்கு. தெனமும் திங்கேன். அப்போ இப்ப எனக்கு இருக்கது மனுச வயிறா, கூத்தாடி வயிறா?"

நான் எத்தனையோ கருத்தரங்குகளில் கட்டுரை படித்திருக்கிறேன். இப்படி ஒரு நல்ல கேள்வியை எவரும் கேட்டதில்லை. கரைந்தாலும் அது குடலில் போய் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும், பூட்டுக்குச் சாவி மாதிரி, அந்தப் பூட்டு கொசுப் புழுவின் குடலில்தான் இருக்கிறது என்று விளக்கினேன். "ஒங்க கொடல்ல அந்தப் பூட்டு கெடையாது அண்ணாச்சி."

"பாத்தியளா?" என்றார்.

நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணாச்சியின் குடலைப் பார்த்ததில்லை என்பது உண்மைதான்.

அப்போதுதான் மாமா தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுக் கிணத்துல அந்தப் பொடி போட்டு மூணு நாளாச்சு. அந்தத் தண்ணிய நான் குடிக்கேன். ஒங்க கண்ணு முன்னால. அப்பொறமாவது ஒத்துக்கிடுவீரா?"

பொடியால் ஒன்றும் ஆகாது. ஆனால் குடிக்காமல் கிடக்கிற கிணற்றுத் தண்ணீரில் வேறு என்னவெல்லாமோ இருக்கும். வீட்டுக்கு வந்ததும், "மாமா, கொதிக்க வச்சு ஆத்துன தண்ணியில பொடியக் கலந்து தாரேன்" என்று கெஞ்சினேன்.

"கொதிக்க வச்சா அது ஆய்வு இல்லம்மா, காப்பி" என்றார்.

அடுத்த நாள் காலையில் அண்ணாச்சியே எங்கள் புறவாசலுக்கு வந்து தன் கையால் வாளியை இறக்கி இறைத்தார். தெருவிலிருந்து வந்தவர்கள் துவைக்கிற கல்லைச் சுற்றி நின்றார்கள். மாமா ஒரு தம்ளரில் மொண்டு, கோவிலில் தீர்த்தம் வாங்கியவர் மாதிரி கண்ணை மூடி அண்ணாந்து குடித்தார். கவிழ்த்துக் காட்டினார். அண்ணாச்சி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாப்போம். தாசில்தாருக்கு ஒண்ணும் ஆவலேன்னா எங்க கிணத்துலயும் போடட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு இவ்வளவு சுலபமாக முடிந்ததில் சந்தோஷம்.

நாங்கள் மறந்துபோனது ஒன்றே ஒன்று. அன்று மத்தியானம் ஏரலில் ஒரு கல்யாணத்தின் மறுவீட்டு விருந்து இருந்தது. மாமாவுக்கும் அண்ணாச்சிக்கும் அது பொதுவான சொந்தம். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வராதவர்கூட மறுவீட்டுக்கு வருவார், சொதிக்காக. தேங்காய்ப்பாலும் காய்கறியும் பாசிப்பருப்புமாக, இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டு அதைச் சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க நேரமாகும். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். வழியில் டயர் பஞ்சராகி, போய்ச் சேரும்போது கடைசிப் பந்தி. காலையிலேயே பிழிந்த தேங்காய்ப்பால், வெயிலோ சுள்ளென்று அடித்த நாள். அது மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் இலை போட்டுவிட்டார்களே.

மறுநாள் விடிந்ததும் மாமாவின் முகம் சரியில்லை. காப்பி வேண்டாம் என்றார். பிறகு வேகமாக எழுந்து போனார். வந்து உட்கார்ந்தார். மறுபடி போனார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கக்கூஸ் புறவாசலில் இருந்தது. அதற்குப் போக வீட்டின் பக்கவாட்டில் ஒரு முடுக்கு, ஓர் ஆள் போகிற அளவுக்கு ஒடுங்கிய சந்து. முடுக்கின் வாயில் ஒரு கம்பிக் கதவு. அண்ணாச்சி தன் ஸ்டூலில் உட்கார்ந்து நேரே பார்த்தால் அந்தக் கம்பிக் கதவு வழியாக முடுக்கில் யார் போனாலும் வந்தாலும் தெரியும். அன்றைக்கு அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்.

"இப்ப அவம் பாத்தாம்னா கிருமிதான் செஞ்சுட்டுன்னு சொல்லிருவான்" என்றார் மாமா, வயிற்றைப் பிடித்தபடி. "ஒன் ஆராய்ச்சி போச்சு. எம் மரியாதையும் போச்சு."

"டாக்டர்ட்ட போயிருவோம் மாமா."

"டாக்டர்ட்ட போனா ஊருக்கே தெரியும்."

சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்தேன். அதன் பிறகு மாமா ஒவ்வொரு முறை முடுக்கில் போகும்போதும் கையில் ஒரு வாளி. புறவாசலில் ஒரு மாதுளைச் செடி மரமாகிக்கொண்டிருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றப் போகிறாராம். பத்து மணிக்குள் மாதுளை, குளத்தில் நிற்பது போல் நின்றது.

எதிர்க்கடையிலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "என்ன தாசில்தார் அண்ணாச்சி, செடிக்கு இம்புட்டுத் தண்ணி ஊத்துதிய?"

"வெயிலு வே" என்றார் மாமா, நடையை நிறுத்தாமல். நிறுத்த முடியாத நிலைமை.

அத்தைதான் வழி கண்டுபிடித்தார். முடுக்கில் கொடியைக் கட்டி இரண்டு சேலைகளை நனைத்துத் தொங்கவிட்டார். அடித்த வெயிலில் அவை சீக்கிரமே காய்ந்து, காற்றில் பறக்க ஆரம்பித்தன. காய்ந்த சேலையை எடுக்காமல் விட்டால் சந்தேகம் வரும் என்று வேறு இரண்டை நனைத்துப் போட்டார். அவையும் காய்ந்தன. தினமும் கட்டுகிற சேலைகளெல்லாம் தீர்ந்ததும் பீரோவைத் திறந்து பட்டுச்சேலைகளைக் கொண்டுவந்து போட்டார். கல்யாணச் சேலையின் அரக்குக் கரைக்குப் பின்னால் மாமா வாளியுடன் மறைவதை நான் பார்த்தேன்.

என் வேலை வாசலில் நின்று வேவு பார்ப்பது. அண்ணாச்சி ஸ்டூலில் இல்லாத நேரமாகப் பார்த்து, "மாமா, இப்பம் போங்க" என்று சொல்ல வேண்டும். அது எதிர்பார்த்ததை விடச் சுலபமாக இருந்தது. அண்ணாச்சி அடிக்கடி ஸ்டூலில் இல்லை. கடையில் ஆட்கள் காத்து நின்றார்கள், ஒரு கிழவர் புளியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. கூத்தாடியின் குடலைப் பற்றி அவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

மத்தியானத்துக்கு முன்னால் அண்ணாச்சியின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். தொங்குகிற பட்டுச்சேலைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னக்கா, பட்டெல்லாம் காயுது?"

"பூச்சி வருது" என்றார் அத்தை.

"ஒங்க வீட்டு மாதுளையில ரெண்டு பிஞ்சு குடுங்க. அரைச்சு மோருல குடுக்கணும். காலையிலருந்து அவுகளுக்கு வயித்தால போயிட்டே கெடக்கு. கடையில உக்கார முடியல."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். மாதுளையில் பிஞ்சு இல்லை, அத்தை காலையிலேயே எல்லாவற்றையும் பறித்து அரைத்து மாமாவுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

நான் சேலைகளை விலக்கிக்கொண்டு முடுக்கில் ஓடி, மூடிய கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். "மாமா, அண்ணாச்சிக்கும் போவுதாம்."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "யாரு சொன்னது? நம்பகமான தகவலா?"

"அவுக வீட்டம்மாவே வந்து சொல்லுதாக."

மாமா வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. முற்றத்தில் நின்ற அண்ணாச்சியின் மனைவி, "எப்படி வந்துச்சுன்னே தெரியல. டாக்டரு தேங்காயத் தொடக்கூடாதுன்னு சொல்லிருக்காரு. நேத்து மறுவீட்டுலகூட வெறும் தயிர்ச்சோறுதான் சாப்பிட்டேன்னு சொன்னாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"தயிர்ச்சோறா?" என்றார் மாமா. "எம் பக்கத்து எலைதான. சொதிவாளிய எடுத்துட்டுப் போனவன ரெண்டு தடவ திருப்பிக் கூப்பிட்டாரே."

அந்த அம்மாள் விறுவிறுவென்று தெருவைத் தாண்டிப் போனார். கடைக்குள்ளிருந்து என்ன பேச்சு நடந்தது என்பது எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சொதி என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார், கையில் ஒரு பொட்டலம் ஓமத்துடன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கும் கண் உள்ளே போயிருந்தது.

"இப்படிக் காட்டிக் குடுத்துட்டியளே" என்றார் அண்ணாச்சி.

"நீரு காலையிலருந்து என்னைய உளவு பாத்தீரே, அது?"

"நான் எங்க பாத்தேன். ஸ்டூல்ல இருக்கவே முடியல."

நான்தான் நடுவில் பேசினேன். ஆராய்ச்சியில் மருந்து கொடுத்தவரை மட்டும் பார்த்தால் போதாது, மருந்து கொடுக்காத ஒருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் எது எதனால் வந்தது என்று தெரியும் என்றேன். "மாமா கிணத்துத் தண்ணி குடிச்சாக. சொதியும் சாப்பிட்டாக. நீங்க சொதி மட்டும் சாப்பிட்டிய. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. அப்போ காரணம் எது?"

அண்ணாச்சி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். அவருக்கு விஷயம் பிடித்துப்போனது தெரிந்தது. "அப்போ நான் இல்லேன்னா இந்த ஆராய்ச்சியே நிக்காது."

"நிக்காது அண்ணாச்சி."

"தெருவுல என்ன சொல்ல?"

மாமா தீர்மானத்தை அறிவித்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆவல. நான் செடிக்குத் தண்ணி ஊத்துனேன். நீரு சரக்கு எடுக்க உள்ள போனீரு. அவ்வளவுதான்."

அப்படியே அறிவிக்கப்பட்டது. "தாசில்தாருக்கு ஒண்ணும் ஆவல, நாந்தான் நாள் பூராவும் பாத்துட்டு இருந்தேன்" என்று அண்ணாச்சி எல்லோரிடமும் சொன்னார். தெருவில் யாராவது அதை நம்பினார்களா என்று எனக்குத் தெரியாது. பட்டுச்சேலைகளைப் பற்றி அத்தையிடம் ரொம்ப நாள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பலகைகளை எடுத்தார்கள், அம்மிக்கல்லை இறக்கினார்கள், நான் வீடு வீடாகப் போய்ப் பொடியைக் கரைத்து ஊற்றினேன். மாமா முன்னால் போய்க் கதவைத் தட்டினார். அண்ணாச்சி வாளியைத் தூக்கி வந்தார்.

இரண்டு நாள் கழித்து ஒவ்வொரு கிணற்றிலும் மொண்டு பார்த்தோம். கூத்தாடிகள் நூல் துண்டுகள் மாதிரி அசையாமல் கிடந்தன. என் வாழ்க்கையில் இறந்த புழுக்களைப் பார்த்து அத்தனை பேர் சந்தோஷப்பட்டது அன்றுதான். அண்ணாச்சிக்கு மட்டும் திருப்தியில்லை. தன் வீட்டுக் கிணற்று நீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடு தேடென்று தேடி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"இந்தா, ஒருத்தன் உசிரோட இருக்கான். ஒங்க மருந்து இவன ஒண்ணும் செய்யல."

நான் குனிந்து பார்த்தேன். கமா மாதிரி வளைந்து, தலை பெருத்து, துள்ளிக்கொண்டிருந்தது. அது கூட்டுப்புழு, கொசுவாகப் பறப்பதற்கு முந்திய நிலை. "இது அப்படித்தான் அண்ணாச்சி. இந்தப் பருவத்துல அதுக்கு வாயில்ல, ஒண்ணும் திங்காது. திங்காததுனால மருந்து உள்ள போகல. பொழச்சிக்கிட்டு."

அண்ணாச்சி மாமாவைப் பார்த்தார். மாமா கிணற்றுக்குள் பார்த்தார். அண்ணாச்சியின் மனைவிதான், "கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்காகத் தெருவில் கொசுவே இல்லாமல் போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். சில வாரங்களில் புதுக் கூத்தாடிகள் வந்தன, மறுபடி பொடி போட்டோம். காய்ச்சல் அந்த மழைக்காலத்தில் குறைவாகத்தான் இருந்தது, அதற்குப் பொடிதான் காரணம் என்று என் ஆய்வேட்டில் ஜாக்கிரதையாக, பல "இருக்கலாம்"களோடு எழுதினேன். ஆனால் சாயங்காலமானால் கடி மட்டும் குறையவில்லை. அது சாக்கடைக் கொசு, வேறு ஜாதி. கிணற்றுப் பக்கமே வராது.

"அப்போ கடிக்க வாரத எல்லாம் எந்த ஊருன்னு கேட்டுட்டா அடிக்க முடியும்?" என்றார் அண்ணாச்சி, முழங்காலில் தட்டிக்கொண்டே.

சாக்கடைக் கொசுவுக்கும் இதே மாதிரி இன்னொரு பாக்டீரியா இருக்கிறது, அழுக்குத் தண்ணீரிலும் அது நன்றாக வேலை செய்யும், ஆனால் சாக்கடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எங்கெல்லாம் தேங்குகிறது என்று தெரிய வேண்டும் என்றேன். மாமா செருப்பை மாட்டிக்கொண்டார். அண்ணாச்சி கடையை மனைவியிடம் விட்டுவிட்டு இறங்கினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் தெருவின் நடுவில் நின்றுகொண்டு, சாக்கடை கிழக்கே ஓடுகிறதா மேற்கே ஓடுகிறதா என்று சண்டை போட்டார்கள். பிறகு மாமா ஒரு வேப்பிலையைக் கிள்ளி உள்ளே போட்டார். அது எந்தப் பக்கமும் போகாமல் இருந்த இடத்திலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.